அரை மூட்டை

எங்கள் சித்தப்பாவுக்கும் அவருடைய பேத்திக்கும் 2024ஆம் வருஷத்துத் தீபாவளிக்கு மறுநாள் ஒரு சண்டை வந்தது. சொத்துச் சண்டையல்ல, கல்யாணச் சண்டையும் அல்ல. அரை மூட்டை யூரியாவைப் பற்றிய சண்டை. நாவல் எழுதுகிறவனுக்கு ஊர்ச் சண்டை என்றால் உள்ளூர ஒரு சபலம் உண்டு. எங்கேயாவது ஓர் அத்தியாயத்துக்கு உதவும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நானும் அப்படித்தான் திண்ணையில் சாய்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் அது என் தலையிலேயே வந்து விடியும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் கிராமம் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. நிலம் ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவு. அதில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்றால் பத்திரத்தில் இருக்கிற பங்கு. உழவு, நடவு, கடன், கவலை எல்லாம் சித்தப்பாவினுடையவை. வருஷத்துக்கு இரண்டு மூட்டை அரிசி மட்டும் என்னுடையது. சித்தப்பாவுக்கு அப்போது வயது 78. இன்னும் வரப்பில் என்னைவிட வேகமாக நடப்பார். நான் வழுக்கி விழுந்தால் திரும்பிப் பார்க்காமலே, "பட்டணத்துச் செருப்பு" என்பார்.

அன்று காலையில் அவர் ரேழியிலிருந்து யூரியா மூட்டையைத் திண்ணைக்கு இழுத்து வந்து பிரித்தார். சம்பா நட்டு முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. வெள்ளைப் பொன்னி. கணக்குப்படி போட வேண்டிய மேலுரத்தைப் பத்து நாளைக்கு முன்பே போட்டாயிற்று. இது கணக்குக்கு மேலே ஏக்கருக்கு அரை மூட்டை.

"எதுக்கு தாத்தா இப்ப?" என்று கேட்டாள் பேத்தி. வேளாண்மைப் படிப்பில் கடைசி வருஷம். தீபாவளி லீவுக்கு வந்திருந்தாள்.

"பக்கத்து வயலைப் பாத்தியா? கருகருன்னு நிக்குது. நம்மது வெளுத்துக் கெடக்கு. பஸ்ஸிலே போறவன் பார்த்தா என்ன நினைப்பான்?"

"பஸ்ஸிலே போறவங்க பாக்குறதுக்கா தாத்தா உரம் போடுறோம்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் பட்டது. விவசாயி உரத்தை அதிகமாகக் கொட்டுவதற்கு அறியாமை காரணம் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சித்தப்பாவுக்குத் தெரியாத பயிர் சாஸ்திரம் இல்லை. கரும்பச்சை ஏறினால் இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், மழைக்குப் பயிர் சாயும் என்று அவரே பிறருக்குச் சொல்வார். ஆனாலும் பக்கத்து வயல் தம்முடையதைவிட ஒரு மாற்றுக் கறுத்து நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. பெண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போட்டதைவிட ஒரு பவுன் குறைத்துப் போட்டுவிட்டோமோ என்று தகப்பன் புழுங்குவதில்லையா, அந்த மாதிரி. போதாக்குறைக்கு யூரியா மலிவு. அன்றைக்கு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. மூட்டையோ 1350 ரூபாய். 2010இல் மற்ற உரங்களின் மானியக் கணக்கை மாற்றியபோது யூரியாவை மட்டும் பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே வைத்துவிட்டார்கள். பயத்துக்கு இவ்வளவு மலிவான மருந்து வேறு எங்கே கிடைக்கும்?

பேத்தி உள்ளே போய் ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் வெளிறிய மஞ்சட்பச்சையிலிருந்து கரும்பச்சை வரையில் பட்டைகள் வரிசையாக இருந்தன. புடவைக் கடையில் காட்டும் சாயத் துண்டுகள் மாதிரி. இலை வண்ண அட்டை என்று அதற்குப் பெயர். ஜப்பானில் தோன்றி, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எளிதாக்கப்பட்டு, நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வழியாக நம் வயலுக்கு வந்தது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் குத்துகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் விழக்கூடாது, நம் நிழலையே குடையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண் பச்சை எல்லை. பத்தில் ஆறு இலைகளாவது அதற்குக் கீழே வெளுத்திருந்தால் பயிருக்குப் பசி என்று அர்த்தம், அப்போது போடலாம். இல்லையென்றால் அடுத்த வாரம் வந்து பார்க்கலாம்.

மூன்று பேரும் வயலுக்குப் போனோம். அவள் பத்து இலைகளைப் பார்த்தாள். மூன்றுதான் வெளுத்திருந்தன.

"பசியில்லைன்னு சொல்லுது தாத்தா."

"பயிர் வாயைத் திறந்து கேக்குமா? நாமதான் பாத்துப் போடணும். விருந்துக்கு வந்தவனைப் போதுமான்னு கேட்டுக் கேட்டா பரிமாறுவாங்க?"

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அதற்கு முந்திய வாரம்தான் இதைப் பற்றி ஒரு புத்தகம் படித்திருந்தேன். புதிதாகப் படித்ததை எவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணம் ஆகாது. "சித்தப்பா, நீங்கள் போடுகிற யூரியாவில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாகி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. அதற்குச் சிரிப்பு வாயு என்று பெயர்" என்று ஆரம்பித்தேன். 1772இல் ப்ரீஸ்ட்லி அதைக் கண்டுபிடித்தது, 1799இல் பிரிஸ்டல் நகரத்தில் ஹம்ஃப்ரி டேவி அதைத் தாமே சுவாசித்துப் பார்த்துக் கோல்ரிட்ஜ், ஸதே முதலிய கவிகளையும் அழைத்துச் சுவாசிக்கச் சொன்னது, பிற்பாடு பல் பிடுங்குகிறவர்கள் அதைப் பயன்படுத்தியது எல்லாவற்றையும் வரப்பில் நின்றபடியே சொன்னேன். கவிகளை மயக்கிய அதே வாயு ஆகாயத்தில் நூறு வருஷத்துக்கு மேல் தங்கி, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 273 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. ஓஸோன் படலத்தையும் அரிக்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் நூறு கோடிப் பங்கு காற்றில் அது 270 பங்கு இருந்தது. 2023இல் 336க்கு மேல் போய்விட்டது. ஏறியதில் பெரும் பகுதி உரம் போட்ட நிலங்களிலிருந்து போனது என்றெல்லாம் அடுக்கினேன்.

சித்தப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சிரிப்பு வாயுவா? அதான் பக்கத்து வயல்காரன் எப்பவும் இளிச்சுக்கிட்டே இருக்கானா?" என்றார்.

பேத்தி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்டா, இந்தச் சீமை உரத்தை இந்த ஊருக்குள்ளே கொண்டாந்தது யாரு? நானா? உங்கப்பன்தானே? 'போடு போடு'ன்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சினான். போட்டோம். நெல்லு வந்துச்சு. அந்த நெல்லை வித்துத்தானே நீ கும்பகோணத்திலே காலேஜுக்குப் போனே? இப்ப வந்து ஆகாசம் கெட்டுப்போச்சுங்கிறே. அப்பன் போடச் சொன்னான், மகன் போடாதேங்கிறான். நான் யாரு பேச்சைக் கேக்குறது?"

சொல்லிவிட்டு மடமடவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. என் தகப்பனார் கிராம சேவக்காக இருந்தவர். 1960-61இல் இந்தியாவில் முதலில் பொறுக்கி எடுத்த ஏழு ஜில்லாக்களில் தீவிர விவசாயத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தஞ்சாவூர் ஜில்லா அவற்றில் ஒன்று. 'பாக்கேஜ் திட்டம்' என்பார்கள். நல்ல விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது திட்டம். அப்பா சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப் பையில் அமோனியம் சல்பேட்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பெரும்பாலோர் திண்ணையிலிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். "உப்பை அள்ளிக் கொட்டினா நிலம் செத்துப் போயிடும்" என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் எங்கள் தாத்தா.

அப்பா தாத்தாவோடு வாதாடவில்லை. ஒரு நாள் நாற்றங்காலில் தண்ணீரை வடித்துவிட்டு, கையில் அமோனியம் சல்பேட்டை எடுத்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி சேற்றில் பெரிதாக 'அ' என்று இழுத்துவிட்டு வந்தார். எட்டாம் நாள் காலையில் தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இளம்பச்சை நாற்றங்காலின் நடுவே கரும்பச்சையில் 'அ' எழுந்து நின்றது. எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதியும் பிடிபடாத சுழி அன்றைக்கு வரப்பின்மேல் நின்று பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. தாத்தா வெகு நேரம் பேசாமல் நின்றார். அந்த வருஷமே உரம் வாங்கினார்.

அப்புறம் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து எடுத்த குறுகிய கால நெல்; குறுவைக்கென்றே வந்த மாதிரி இருந்தது. 1965, 1966ஆம் வருஷங்களில் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று தேசமே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், எங்கள் வீட்டுக் களத்தில் அந்த நெல் குவிந்து கிடந்தது. தாத்தா வாங்கியிருந்த கடன் அடைந்தது; கூரை வீடு ஓட்டு வீடாயிற்று; 1972இல் நான் காலேஜில் சேர்ந்தேன். என் முதல் கதையை எழுதின காகிதம்கூட உர மூட்டை போட்ட பிச்சைதான். இதையெல்லாம் தின்று வளர்ந்துவிட்டு, சிரிப்பு வாயு என்று வரப்பில் நின்று பிரசங்கம் செய்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கப்பட்டதால் வாயு நின்றுவிடுமா?

அன்று ராத்திரி நல்ல மழை. மின்சாரம் போய்விட்டது. திண்ணையில் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு பேத்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று இருமல் சொல்லிற்று. யூரியா எங்கேதான் போகிறது என்று அவளைக் கேட்டேன். நான் படித்த புத்தகம் ஆகாயத்திலிருந்து கீழே பார்த்து எழுதியது. அவள் சேற்றிலிருந்து சொன்னாள்.

மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அதாவது அரை மூட்டையில் பத்துக் கிலோவும் சில்லறையும். நஞ்சையில் தூவுகிற தழைச்சத்தில் பயிரின் வாய்க்குப் போய்ச் சேருவது சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குதான். பக்குவமாகப் போட்டால் இன்னும் கொஞ்சம். மிச்சத்தில் சிறிது மண்ணில் தங்கும். மற்றது ஓடிவிடும். முதலில் ஓடுவது அமோனியா. தேங்கிய தண்ணீரில் பாசி இருக்கிறதல்லவா? அது வெயிலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, நடுப்பகலில் தண்ணீர் சோப்புத் தண்ணீர் மாதிரி காரமாகிவிடுகிறது. அப்போது அமோனியா நிற்காமல் காற்றோடு கிளம்பிவிடும். தண்ணீர் கட்டிய வயலில் மத்தியான வெயிலில் யூரியா இறைப்பது ஊருக்கெல்லாம் இறைப்பதுதான். தண்ணீரை வடித்து, சேறு தெரிய வைத்துப் போட்டுப் பிறகு நீர் கட்டினால் இந்த நஷ்டம் குறையும்.

அடுத்த ஓட்டம் சேற்றுக்குள்ளே. நெல் வயல் சேறு மேலே மெல்லிய ஆடை மாதிரி செந்நிறமாகவும், அதற்குக் கீழே சாம்பல் பூத்த நீலமாகவும் இருக்கும். மேலே பிராணவாயு எட்டுகிறது, கீழே எட்டுவதில்லை. மேலாடையிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. அது தண்ணீரோடு கீழே இறங்குகிறது. கீழே மூச்சுக்குத் தவிக்கிற வேறு ஜாதி நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கித் தின்றுவிட்டு நைட்ரஜனை ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இந்த இரண்டு அடுக்கு வேலையை 1940களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஷியோயிரி என்பவர் விளக்கினார். திரும்பிப் போகிறதில் ஒரு சிறு பகுதி முழு நைட்ரஜனாகாமல் பாதி வழியில் நழுவிவிடுகிறது. அதுதான் கோல்ரிட்ஜ் சுவாசித்தது.

"எவ்வளவு நழுவும்?" என்று கேட்டேன்.

அவள் கைப்பேசியின் முதுகைத் தட்டிக் கணக்குப் போட்டாள். நெல் வயலுக்கு உலகக் கணக்கில் ஆயிரத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்கிறார்கள். அரை மூட்டைக்கு ஏறக்குறைய 65 கிராம் வாயு. ஒரு கைப்பிடி கடுகு எடை. ஆனால் 273ஆல் பெருக்கினால் 18 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். காய்ந்த மண்ணில் விளைகிற கோதுமை, சோளத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். நெல் வயல் அதற்கு எவ்வளவோ மேல். நெல் வயலின் பெரிய குற்றம் வேறு, மீத்தேன்.

அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேற்றில் காலை வைத்தால் விரல்களுக்கு நடுவில் குமிழ் குமிழாகக் கிளம்புமே, சிறு வயதில் அதற்காகவே வயலில் இறங்கி அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் குமிழ்களைப் பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று நம் ராஜதானியிலேயே இரண்டு பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாரிஸன் என்ற வெள்ளைக்கார ரசாயன நிபுணரும், பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும். 1913இலிருந்து சில வருஷங்கள் நெல் சேற்று வாயுக்களைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். குமிழில் பெரும்பாலும் மீத்தேனும் நைட்ரஜனும் இருந்தன. ஆகாயம் சூடாகிறது என்ற கவலையெல்லாம் அவர்களுக்கு இல்லை. பயிருக்கு நல்லதா, கெட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். குழாயும் சீசாவுமாகச் சேற்றில் குனிந்து நிற்கும் சுப்பிரமணிய ஐயரைக் கண்டு பக்கத்து வயல்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு யோசனை ஓடிற்று. ஒரு கதையே எழுதலாம்.

மீத்தேனைக் குறைக்க வழி நம் ஜில்லாவிலேயே சொல்லுகிற 'காய்ச்சலும் பாய்ச்சலும்'தான் என்றாள் அவள். எப்போதும் நீர் கட்டி வைக்காமல், வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சுவது. ஆனால் அதில் ஒரு சங்கடம். காய்ந்து காய்ந்து நனைகிற மண்ணில் மீத்தேன் குறையும். கூடவே தழைச்சத்து மிஞ்சிக் கிடந்தால் சிரிப்பு வாயு ஏறும். ஒரு கதவை மூடினால் இன்னொன்று திறந்துகொள்கிறது. ஆகையால் மண்ணில் தழைச்சத்து மிஞ்சாமல் பார்த்துக்கொண்டு காயவிட வேண்டும்.

"அதனால்தான் பெரியப்பா, சுற்றிச் சுற்றி அரை மூட்டைக்கே வந்து நிக்குது. வேப்பெண்ணெய் தடவிய யூரியாதான் இப்ப வருது. வேம்பு அந்த மேலாடைக் கிருமிகளைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். அதுக்காகத் தேவையில்லாததைப் போட்டா வேம்பு என்ன பண்ணும்?"

யூரியாவோடு ஐந்துக்கு ஒன்று வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவது இந்தப் பக்கத்தில் பழைய யோசனை. டில்லி பூசா நிலையத்தில் 1970களில் அதையே ஆராய்ந்து நிரூபித்தார்கள். 2015இலிருந்து நாட்டில் தயாராகிற யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் தடவ வேண்டும் என்று சட்டமாயிற்று. அந்தச் சட்டத்துக்குப் பயிர் மட்டும் காரணமல்ல. மானிய யூரியா வயலுக்குப் போகாமல் தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுப்பதும் ஒரு காரணம். கசப்புக்கு எத்தனை உபயோகம், பாருங்கள்.

விடிந்ததும் மூவரும் வயலுக்குப் போனோம். பக்கத்து வயல்காரர் முதல் நாள் சாயங்காலம்தான் யூரியா இறைத்திருந்தார். ராத்திரி மழையில் அவருடைய வயல் நிரம்பி மடையை உடைத்துக்கொண்டு வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை கொழுகொழுவென்று, தண்ணீரே தெரியாமல் மண்டிக் கிடந்தது. அதற்கு யாரும் மேலுரம் வைக்கவில்லை. இப்படி ஊரார் வைத்ததுதான்.

சித்தப்பா வடிகாலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"உங்கப்பன் 'அ' எழுதினானே, அதுக்கு அடுத்த வருஷம் என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. ஒரு எழுத்துக்கே இப்படி வருதேன்னு, அவன் இல்லாத நேரம் பாத்து நாற்றங்கால் பூராவும் ரெண்டு பங்கா இறைச்சுட்டேன். எனக்குப் பதினாறு வயசு. நுனியெல்லாம் கருகிப்போச்சு. மறு நாத்து விட வேண்டியதாப் போச்சு. இந்த வரப்பிலே வச்சுத்தான் என்னை அடிச்சான். 'சோறு நல்லதுன்னா பானையோட திம்பியாடா?'ன்னு கேட்டு அடிச்சான். அதுக்கு முன்னாலேயும் அடிச்சதில்லே, பின்னாலேயும் அடிச்சதில்லே."

நான் ஒன்றும் பேசவில்லை. முதல் நாள் சண்டையில் அப்பாவைத் தமக்குச் சாட்சியாகக் கூப்பிட்டவர் இப்போது தாமே குறுக்கு விசாரணை செய்துவிட்டார் என்று தோன்றிற்று. அப்பா இறந்து வெகு காலம் ஆயிற்று. அந்தக் காலத்தில் அவரிடம் வண்ண அட்டை இல்லை. வாயுவைப் பற்றி அவருக்குத் தெரியாது. பசித்த ஊருக்குச் சோறு வர வேண்டும் என்பது ஒன்றுதான் தெரியும். போதும் என்கிற வார்த்தையும் அவரிடம் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிறிது நேரம் கழித்து சித்தப்பா பேத்தியைப் பார்த்து, "மூங்கில் கொத்துக்குப் பின்னாலே மூணு மா இருக்கு. அதை வச்சுக்க. உன் அட்டைப்படியே செய். ரோட்டோரத்தைத் தொடாதே" என்றார்.

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். மூங்கில் கொத்துக்குப் பின்னால் என்றால் பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாது. கிழவர் தம் மானத்தை மறைக்க இடம் பார்த்துத்தான் கொடுத்தார்.

பேத்தி லீவு முடிந்து கல்லூரிக்குப் போய்விட்டாள். அட்டையை யார் பார்ப்பது? சித்தப்பா தொடமாட்டார். அந்தப் பொறுப்பு, ஐம்பத்தைந்து வருஷமாக அந்த நிலத்தில் நாற்றுப் பறித்தும் களை எடுத்தும் ஒரு நாளாவது எவராலும் யோசனை கேட்கப்படாத எங்கள் சித்திக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் காலையில் போய், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பத்து இலை பார்த்து, பேத்திக்குப் போன் செய்வாள். "இதென்னடி பிரமாதம், வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பாத்து வாங்குறதில்லையா?" என்பாளாம். அந்த மூன்று மாவுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை, அதுவும் கார்த்திகையில், இலை வெளுத்ததைப் பார்த்துத்தான் உரம் போட்டார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, சாயங்காலத்தில்.

2025 பொங்கலுக்கு நான் போனேன். மார்கழி மழையில் ரோட்டோரத்து வயல்களில் பாதி பாயாகப் படுத்துக் கிடந்தன. வெள்ளைப் பொன்னி உயரமான ஜாதி, கொழுத்தால் நிற்காது. மூங்கில் கொத்துக்குப் பின்னால் பயிர் நின்றது, கொஞ்சம் வெளுப்பாக, அடக்கமாக. அறுவடை இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. படுத்த பயிரை வாரி அறுக்க அதற்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம் கூடப் பிடித்தது. மகசூல்? ரோட்டோரத்து ஏக்கரில் முப்பது மூட்டை. மூங்கில் கொத்து ஏக்கரில் இருபத்தொன்பது.

"பாத்தியா, ஒரு மூட்டை கொறைவு" என்றார் சித்தப்பா.

"அந்த முப்பதும் ஈர நெல்லு. காயவச்சு அளந்து பாருங்க. மிஷின் வாடகையையும் கழிங்க" என்றாள் பேத்தி.

அவர் காயவைத்து அளக்கவில்லை. ஜெயிப்பது யார் என்று கடைசி வரையில் தீர்ப்பாகவில்லை. நான் என் இரண்டு மூட்டை அரிசிக்குச் சொல்லிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன்.

2025 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். குறுவை நட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. க்ஷேமலாபம் எதுவும் விசாரிக்கவில்லை.

"அந்தப் பச்சை அட்டையை நீ எடுத்துக்கிட்டுப் போயிட்டியா?"

மேஜையைப் பார்த்தேன். பாதி படித்த ஒரு நாவலின் நடுவில் அடையாளத்துக்குச் செருகியிருந்தது அதுவேதான். பொங்கலன்று திண்ணையில் கிடந்ததைக் கை தானாக எடுத்திருக்கிறது. எழுத்தாளன் கையில் அகப்படுகிற எதுவும் அப்படித்தான் ஆகிறது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். உன் சித்திதான் கேக்குறா" என்றார் அவசரமாக.

அனுப்பி வைக்கிறேன் என்றேன். பிறகு சந்தேகம் ஒன்று தோன்றியது. "சித்தப்பா, அன்றைக்கு மூங்கில் கொத்து வயலுக்குப் போடாமல் வைத்தீர்களே, அந்த அரை மூட்டை என்ன ஆயிற்று?"

"அது வீணாப் போலாமா? பக்கத்து வயல்காரன் பத்தலேன்னு கைமாத்துக் கேட்டான், கொடுத்துட்டேன். அன்னிக்கே இறைச்சுட்டான்."

சொல்லிவிட்டு, அட்டையைத் தபாலில் போட்டால் மடங்கிவிடும், யாராவது ஊர்ப்பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு என்றார்.